பெருவிரல் ரேகை

ஆபரேஷன் நாளில் காலை ஆறு மணிக்கெல்லாம் நான் முதலில் தேடுவது ஸ்டாம்ப் பேடைத்தான். தகர மூடி துருப்பிடித்து, நடுவில் துணி குழிவிழுந்து கிடக்கும். மை காய்ந்திருந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்துக்கொள்வேன். அன்றைக்கு தியேட்டர் லிஸ்டில் எட்டுப் பேர் என்றால் எட்டு கேஸ் ஷீட்டையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சம்மதப் படிவம் இருக்கிறதா, அதில் ரேகை விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்ட்ரெச்சரை அனுப்ப வேண்டும். ரேகை இல்லாமல் ஒரு ஆளை அனுப்பிவிட்டால் மயக்க மருந்து டாக்டர் வாசலிலேயே திருப்பிவிடுவார். திட்டு எனக்கு விழும்.

1986-ல் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். 2019-ல் ஓய்வு பெற்றேன். நடுவில் இரண்டு மூன்று ஊர் மாறினாலும் பெரும்பாலான வருடங்கள் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுதான். அந்த நாட்களில் படிவம் என்பது ஒரு சைக்ளோஸ்டைல் தாள். செய்யப்போகும் சிகிச்சை என்ன, அதில் என்ன ஆபத்து என்பதெல்லாம் எனக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டது, நான் சுயநினைவோடு முழு மனதாகச் சம்மதிக்கிறேன் என்று அதில் இருக்கும். அந்தத் தாளை யாரும் யாருக்கும் படித்துக் காட்டி நான் பார்த்ததில்லை. நானும் படித்துக் காட்டியதில்லை. கடன் பத்திரத்தில் ரேகை வைக்கும் முன் ஊரில் படித்த நாலு பேரிடம் கொண்டுபோய்க் காட்டும் ஜனங்கள் அவர்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை விட்டவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் எங்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் விரலை நீட்டினார்கள். அதை நாங்கள் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டோம். கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது. ஆனால் அதில் பாதி பயம். டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ, கவனிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம்.

பெண் பார்க்கும் இடத்தில் கூடத்து நடுவில் நிற்க வைத்துப் பெண்ணிடம் ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். ‘மௌனம் சம்மதம்’ என்று ஒரு பெரியவர் சொல்ல, தட்டு மாற்றிவிடுவார்கள். எங்கள் வார்டில் நடந்ததும் அதுதான். சம்மதம் என்ற சொல்லே நமக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது.

1991-ல், மாசி மாதம், ஒரு அக்கா அட்மிஷன் ஆனார். முப்பத்தெட்டு வயது. தீப்பெட்டி ஒட்டும் வேலை. இரண்டு வருடமாகப் பெரும்பாடு. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. வரும்போது ஹீமோகுளோபின் ஆறு கிராம்தான் இருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். வெளியில் எடுத்துவந்த ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி, அதுவும் பெரியது.

ரவுண்ட்ஸ் முடிந்து பெரிய டாக்டரம்மா அவருடைய வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். “கட்டி பெருசா இருக்கு. கர்ப்பப்பையோட எடுத்துட்டாத்தான் நல்லது. மூணு பிள்ளை இருக்குல்ல?” அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையாட்டினார். பிறகு டாக்டரம்மா உள்ளே வந்து அந்த அக்காவின் தோளைத் தொட்டு, “கட்டிய எடுத்துடலாம்மா. ரத்தப்போக்கு நின்னுடும், தெம்பாயிடுவ” என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நல்ல மனுஷி அவர். கைராசிக்காரர். அந்த ஆபரேஷனும் அந்த நிலைமையில் சரியானதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் காலை ஸ்டாம்ப் பேடோடு போனேன். இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் வைத்தால் ரேகையே விழவில்லை. வெறும் நீலக் கறையாக விழுந்தது. பசையும் அட்டையுமாக இருபது வருடம் தேய்த்த விரல். கோடுகள் எல்லாம் மழுங்கிப்போயிருந்தன. துணியால் துடைத்துவிட்டு, என் இரண்டு விரலால் அந்தப் பெருவிரலை இறுக்கிப் பிடித்து, இடமிருந்து வலமாக உருட்டி இரண்டாம் தடவை வைத்தேன். ஓரத்தில் மட்டும் நாலைந்து கோடு தெரிந்தது. இது போதும் என்று நான் தாளை ஊதிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கேட்டார்.

“என்னத்த எடுக்கப் போறாக நர்சம்மா?”

தியேட்டர் லிஸ்ட் என் கையில் இருந்தது. அவர் பேருக்கு நேரே ஹிஸ்டரெக்டமி என்று எழுதியிருந்தது. “வயித்துல இருக்க கட்டியத்தான்க்கா. பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இன்னும் ஏழு பேர் பாக்கி என்பது ஒரு காரணம். சொல்ல வேண்டியது டாக்டர், நான் யார் என்பது இன்னொன்று. அவர் பயந்துவிடுவாரே என்ற இரக்கமும் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. மற்ற இரண்டும் சோம்பலும் கோழைத்தனமும். அவற்றை மனுஷ பலவீனம் என்று விட்டுவிடலாம். இரக்கமோ அவரைக் குழந்தையாக்கிவிட்டது. மூன்று பிள்ளை பெற்று, நாள் தவறாமல் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒருவர் தன் வயிற்றைப் பற்றிய ஒரு செய்தியைத் தாங்க மாட்டார் என்று முப்பது வயதில் நான் முடிவு செய்தேன்.

பத்தாம் நாள் தையல் பிரித்தேன். ட்ரேயில் கத்தரி, ஃபோர்செப்ஸ், ஸ்பிரிட் பஞ்சு. ஒவ்வொரு முடிச்சாக வெட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி கேட்டார்: “பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேந்துருக்கேன் நர்சம்மா. அந்நேரம் தூரமாயிருவேனா?”

கத்தரியை ட்ரேயில் வைத்தேன். முதலில் எனக்குச் சொல்ல வரவில்லை. இந்த வருஷம் சட்டி தூக்கக் கூடாது, தையல் போட்ட உடம்பு என்றேன். அதற்குப் பிறகு, இனிமேல் தூரமாக மாட்டீர்கள், கர்ப்பப்பையையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறது என்றேன்.

அவர் அழவில்லை. கையைக் கொண்டுபோய்த் தையலுக்கு மேலே, தொடாமல், ஒரு விரற்கடை உயரத்தில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லிருப்பேனே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறந்துகூடப் போயிருப்பேன்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இத்தனை வருடமாக நான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்டிருந்தால் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அதே ஆபரேஷன், அதே தையல், அதே குணம். நல்லது நடந்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டால் அங்கே எதுவுமே குறையவில்லை. ஆனால் அவரிடமிருந்து ஒன்று போயிருந்தது. சரி என்று சொல்வதும் ஒரு காரியம். அதைச் சொல்வதற்கு முன் அவர் தன் அம்மாவிடம் பேசியிருப்பார். ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு நேர்ச்சை கூடுதலாகப் போட்டிருப்பார். இனி பிள்ளை இல்லை என்பதை, வேண்டாம் என்று எப்போதோ தீர்மானித்ததையே, இன்னொரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பார். அதையெல்லாம் செய்து முடித்துவிட்டுத் தன் உடம்பை எங்களிடம் தந்திருப்பார். நாங்கள் அவர் தருவதற்கு முன்பே எடுத்துக்கொண்டோம். பத்து நாள் அந்த வார்டில் டாக்டருக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பெட்பேன் எடுக்கும் ஆயம்மாவுக்குக்கூடத் தெரியும். யாருடைய வயிறோ அவருக்கு மட்டும் தெரியாது.

கேஸ் ஷீட்டைத் திறந்தால் அவர் ரேகை இருக்கிறது. கோர்ட்டில் காட்டினால் செல்லும்.

ரொம்ப வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் 1914-ல் நியூயார்க்கில் வந்த ஒரு தீர்ப்பைப் பற்றிச் சொன்னார்கள். மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் ஒரு பெண் ஒப்புக்கொண்டிருந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லியும் இருந்தார். மயக்கத்தில் இருந்தபோது கட்டியை எடுத்துவிட்டார்கள். அதுவும் நார்த்திசுக் கட்டிதான். பிறகு கையில் அழுகல் வந்து சில விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சுயபுத்தியுள்ள எந்த வயதுவந்த மனிதருக்கும் தன் உடம்பில் என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு; சம்மதம் இல்லாமல் கத்தி வைக்கும் மருத்துவர் தாக்குதல் செய்தவர் ஆவார் என்று நீதிபதி கார்டோசோ எழுதினார். மருத்துவ அறம் படிப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்தப் பெண் வழக்கில் தோற்றுப்போனார். தர்ம ஆஸ்பத்திரி என்பதால் டாக்டர்கள் செய்ததற்கு ஆஸ்பத்திரியைப் பொறுப்பாக்க முடியாது என்று முடிந்துவிட்டது. வகுப்பில் எல்லாரும் நீதிபதியின் வாசகத்தைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு வெட்டுப்பட்ட அந்த விரல்கள்தான் மனதில் நின்றன.

நம் நாட்டில் இது உச்ச நீதிமன்றத்தில் தெளிவாக வந்தது 2008 ஜனவரியில். 1995-ல் டெல்லியில் நடந்த விஷயம். நாற்பத்து நாலு வயதுப் பெண், கல்யாணம் ஆகாதவர். லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்ப்பதற்காக மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே காத்திருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பைகள், குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிர்போகும் அவசரம் இல்லாதபோது மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும், தாயார் தந்த சம்மதம் சம்மதமே இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது. நஷ்டஈடு 25,000 ரூபாய். நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தேன். எங்கள் அக்காவுக்கு நடந்தது பதினேழு வருடத்துக்கு முன்னால். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப்போனது.

நான் மாறியது தீர்ப்பு வந்ததால் அல்ல. அதற்கு ரொம்ப முன்பே, அந்தத் தையல் பிரித்த வாரத்திலேயே ஆரம்பித்தது. ஸ்டாம்ப் பேடைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன். “உங்களுக்கு என்ன செய்யப் போறாங்கன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க.” புரிஞ்சுதா என்று கேட்டால் எல்லாரும் புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள். சொல்லுங்கள் என்றால்தான் தெரியும். வயிற்றில் புண், ஏதோ ஊசியாம், டாக்டருக்குத்தான் தெரியும், எம் மகன்ட்ட கேளுங்க. இப்படித்தான் பதில் வரும். அப்புறம் நான் போய் டியூட்டி டாக்டரைக் கூட்டிவர வேண்டும். சிலர் வருவார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஹெட் நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, “நீ ஒருத்தி கேக்குறதால லிஸ்டே அரை மணி நேரம் லேட்டாகுது” என்று சத்தம் போட்டிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. நூறு கட்டில் வார்டில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒரு டாக்டர் காலையில் நூற்றைம்பது பேரை ஓ.பி.யில் பார்த்துவிட்டு வருவார். நேரம் இல்லாத இடத்தில் அறம் பேசுவது சுலபமில்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு ஒரு நிமிஷம் ஆகும். பதில் தெரியாதபோதுதான் அரை மணி நேரம் ஆனது.

எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லியே தீர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்த காலமும் உண்டு. அதைத் திருத்தியவர் ஒரு தாத்தா. ஆண்கள் வார்டில் இரண்டு வருடம் போட்டிருந்தார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் தறி ஓட்டியவர், எழுபதுக்கு மேல் வயது, குடலில் கட்டி. நான் போய் உட்கார்ந்து ஆரம்பித்தவுடன் கையைக் காட்டி நிறுத்தினார். “தாயி, எனக்கு ஒண்ணும் சொல்லாத. என்னான்னு எனக்கே தெரியும். பேர் மட்டும் கேக்க வேண்டாம். எம் பெரியவன்ட்ட சொல்லிரு, அவன் என்ன சொல்றானோ அதுதான் எனக்கும்.” நான் அன்றைக்கு அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தேன். நோயாளி விவரம் அறிய விரும்பவில்லை, முடிவை மூத்த மகனிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று. எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் அந்த அக்காவும் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. இரண்டு பேருக்கும் முழு விவரம் தெரியாது. ஆனால் தாத்தா கதவைத் தானே சாத்திக்கொண்டார். அக்காவுக்கு அப்படி ஒரு கதவு இருப்பதையே நாங்கள் காட்டவில்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் ஒருவர் எடுக்கும் முடிவு. அதைக்கூட அவரிடம்தான் கேட்க வேண்டும்.

2011-ல் எனக்கே ஒரு ஆபரேஷன். பித்தப்பைக் கல். தனியார் மருத்துவமனை, வசதியான இடம். கட்டிலில் நான் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். படிவத்தோடு வந்த சின்னப் பெண் என்னைத் தாண்டிப்போய், ஜன்னலோரம் நின்ற என் கணவரிடம், “சார், நீங்கதானே அட்டெண்டர்? இங்க ஒரு சைன்” என்று பேனாவை நீட்டினாள். இருபத்தைந்து வருடம் நான் செய்த வேலையை எனக்கு முன்னால் வேறொருத்தி செய்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருட நடத்தை விதிகளையே எடுத்துப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டியவர்களின் வரிசையில் கணவன் அல்லது மனைவி முதலில் வருகிறார். பிறகு சிறார் என்றால் பெற்றோர், காப்பாளர். நோயாளி கடைசியில்தான் வருகிறார். என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கி என்னிடம் தந்தார். நான் படித்தேன். ரெண்டு பக்கம் ஆங்கிலம். படித்து முடிக்கும்வரை அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள், அவளுக்கு அடுத்த அறையில் வேலை இருந்தது.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வது வெள்ளைக்காரர்கள் வழக்கம், நமக்குக் குடும்பம்தான் எல்லாம் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 1961-ல் சிகாகோவில் டாக்டர்களிடம் விசாரித்தபோது, புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்ல மாட்டோம் என்றுதான் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். 1979-ல் மறுபடி அமெரிக்க டாக்டர்களைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். நடுவில் பதினெட்டு வருடம்தான். அவர்களும் நம்மைப் போலத்தான் மறைத்தார்கள். இரக்கத்தால்தான் மறைத்தார்கள். பிறகு மறைப்பதை விட்டார்கள்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு அம்மா வந்தார். அறுபத்து நாலு வயது. மார்பில் கட்டி, பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மார்பை எடுக்க வேண்டும். மகன் பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவிடம் நீர்க்கட்டி என்று சொல்லி வைத்திருந்தார். காலையில் நான் வழக்கம்போல் கேட்டேன். அந்த அம்மா, “நீர்க்கட்டியாம், கீறி விடப் போறாங்களாம்” என்றார். நான் டாக்டரைக் கூட்டிவந்தேன். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, நிதானமாக, நல்ல தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, “இப்ப வேண்டாம். வைகாசியில பேத்தி கல்யாணம். அது முடியட்டும்” என்றார்.

தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நானும் சொன்னேன். தனியாகப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

மகன் வார்டுக்குள் வந்து என்னிடம் சத்தம் போட்டார். “நீங்க ஏன் சொல்ல வச்சீங்க? சொல்லாம இருந்தா இந்நேரம் ஆபரேஷன் முடிஞ்சிருக்கும். நல்லதுக்காகச் சொல்ற பொய் பொய்யே இல்லைன்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே.” கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அம்மா மேல் உயிரை வைத்திருந்த பிள்ளை. அவர் சொன்ன குறளை நானும் படித்திருக்கிறேன். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் என்று ஒரு நிபந்தனை அதில் இருக்கிறது. அந்த நன்மையில் குற்றம் இல்லை என்று யார் சொல்வது? சொல்கிறவரா, பொய்யைக் கேட்கிறவரா? இது வீட்டுக்கு வந்து ராத்திரி படுக்கும்போது எனக்குத் தோன்றியது. அவர் எதிரில் நிற்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதில் எனக்குப் பங்கு உண்டா என்று சித்திரை முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். பங்கு உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேட்பது என்று முடிவு செய்தால் ‘வேண்டாம்’ என்ற பதிலுக்கும் நான்தான் காது கொடுக்க வேண்டும். சரி என்ற பதில் மட்டும்தான் வரலாம் என்றால் நான் கேட்டதில் அர்த்தம் இல்லை.

வைகாசி கடைசி வாரம் அந்த அம்மா வந்தார். கையில் மருதாணி கொஞ்சம் மங்கியிருந்தது. மகன் பின்னாலேயே வந்தார், என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை ஸ்டாம்ப் பேடோடு போய், பழக்கத்தில், அவருடைய பெருவிரலைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

“பிடிக்க வேண்டாம் சிஸ்டர். நானே வைக்கிறேன்” என்றார்.

ரேகை கோட்டுக்கு வெளியே கொஞ்சம் கோணலாக விழுந்தது. நான் மாற்றி வைக்கச் சொல்லவில்லை.